சிற்றுயிர்களின் முகம் காண்போம்



யானையையும் புலியையும் படத்தில் கண்டு வியக்கும் நாம், வாசலிலுள்ள செம்பருத்திச் செடியின் இலைக்கடியில் வாழும் சிலந்தியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தப்பித் தவறிக் கண்டுவிட்டால் துடைப்பத்தைத் தேடுகிறோம். "இந்தத் தோட்டத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

அண்மைப் படம் என்பது யாது?

மிகச் சிறிய உயிரை மிக அருகிலிருந்து பெரிதாகப் படம் பிடிப்பதே அண்மைப் படக்கலை. புகைப்படக்காரர்கள் இதனை 'மேக்ரோ' என்பர். பழைய கேமராவின் படச்சுருளில் ஒரு படத்தின் நீளம் 36 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் நீளமுள்ள எறும்பு அச்சுருளிலும் 4 மில்லிமீட்டராகவே பதிந்தால், அஃது உண்மையளவுப் படம். படத்தின் நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கை அவ்வெறும்பு நிறைத்துவிடும். அதனைத் தாளில் பெரிதாக்கினால், உணர்கொம்பின் மயிரும் நம் கண்ணுக்குப் புலனாகும்.

கேமரா தோன்றுவதற்கு முன்பே இவ்வார்வம் மனிதனுக்கு இருந்தது. 1665ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் ஊக், நுண்ணோக்கியில் தாம் கண்ட ஈயின் கண்களையும் எறும்பையும் பெரிதாக வரைந்து நூலாக வெளியிட்டார். அவர் கையால் வரைந்து காட்டியதை, இன்று உங்கள் தந்தையாரின் கைத்தொலைபேசியே ஓரளவு காட்டிவிடும்.

படம் பிடிக்கும் முறை

கைத்தொலைபேசியின் கேமராவுக்கு முன் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியை ஒட்டினாற்போல் பிடியுங்கள். பின்பு மெல்ல முன்னும் பின்னும் நகர்ந்து, உருவம் தெளியும் இடத்தில் நில்லுங்கள். இவ்வளவு நெருங்கும்போது தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இராது. பூச்சியின் தலை தெளிந்தால் வால் மங்கும். வால் தெளிந்தால் தலை மங்கும். ஆகவே, கண்ணைத் தெளிவாக்குங்கள். கண் தெளிந்த படமே உயிருள்ள படம்.

காலை வேளையே இதற்கு ஏற்றது. இரவின் குளிர்ச்சி நீங்காத பொழுதில் பூச்சிகள் விரைந்து பறப்பதில்லை. சிலந்தி வலையில் பனித்துளிகளும் கோத்திருக்கும். உங்கள் நிழல் அவற்றின்மேல் விழாதபடி நில்லுங்கள். விளக்கொளி தேவைப்பட்டால், அதன் முன் வெள்ளைத் தாளை வைத்து ஒளியை மென்மையாக்குங்கள்.

படம் கற்பிக்கும் பாடம்

பூச்சிக்குக் கால்கள் ஆறு, உடற்பகுதிகள் மூன்று. சிலந்திக்குக் கால்கள் எட்டு, உடற்பகுதிகள் இரண்டு. எனவே சிலந்தி பூச்சியன்று. தும்பியின் ஒவ்வொரு கண்ணும் பல்லாயிரம் சிறு கண்கள் சேர்ந்த கூட்டுக்கண். தாவும் சிலந்திக்கோ எட்டுத் தனிக்கண்கள். முன்னிருக்கும் இரண்டும் பெரியவை; அவற்றால் அது இரையைக் கூர்ந்து நோக்கும்.

கெரெங்கா எறும்பை அறியாத தோட்டத்துப் பிள்ளை இல்லை. அவ்வெறும்பைப் போலவே உருக்கொண்ட சிலந்தி ஒன்று நம் தென்கிழக்காசிய நாடுகளில் வாழ்கிறது. முன்னங்கால்கள் இரண்டையும் உயர்த்தி, அவை உணர்கொம்புகள் போலத் தோன்றுமாறு அது நடக்கும். கடிக்கும் எறும்பென்று எண்ணிப் பகை விலகும். வெறுங்கண்ணை ஏமாற்றும் அவ்வேடம், அண்மைப் படத்தில் கால்களை எண்ணியதும் கலைந்துவிடும்.

நாம் கண்ட ஒரு முகம்

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, செம்பனையின் ஆண்பாளையில் மொய்த்த சிறு வண்டொன்றைப் படம் பிடித்து வந்தாள். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள கரிய மூக்குவண்டு அது. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து கொணரப்பட்டு, 1981இல் நம் நாட்டுத் தோட்டங்களில் விடப்பட்ட இனம். ஆண்பூவில் எழும் சோம்பு மணத்தை நாடி அது வருகிறது. பெண்பூவிலும் அம்மணம் சிறிது எழுவதால் அங்கும் செல்கிறது. அதன் உடலில் ஒட்டிய மகரந்தமே செம்பனைக் குலையில் காய் பிடிக்கச் செய்கிறது.

அவ்வண்டு வருமுன் பல தோட்டங்களில் அவ்வேலையைச் செய்தவை மனிதக் கைகள். மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற மாவுடன் கலந்து, முட்களுக்கிடையே பெண்பாளையில் தூவ வேண்டும். எம் தாயாரும் அவ்வேலை செய்தவரே. மாணவியின் படத்தை அவரிடம் காட்டினோம். கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பூச்சி வந்த பிறகுதானப்பா எங்களுக்கு அந்த வேலை நின்றது. இதன் மூஞ்சியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். பின்னர் தம் முன்கையைத் திருப்பி, முள் கீறிய பழைய வடுக்களைக் காட்டினார்.

தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நாம், அவ்வடுக்களின் கதையை அதுவரை கேட்டதில்லை. பத்து வயதுச் சிறுமி பிடித்த ஒரு படமே அதனைக் கேட்க வைத்தது. தோட்டத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று இனி யார் சொல்வது?

கடைப்பிடிக்க வேண்டியவை

படத்துக்காக எவ்வுயிரையும் கொல்லாதீர், வலையை அறுக்காதீர். தனியே செல்லாமல் பெரியோர் துணையுடன் செல்லுங்கள், காலணி அணியுங்கள். புதருக்குள் கைவிடாதீர்; குளவிக் கூட்டை நெருங்காதீர். மருந்து தெளித்த பகுதிக்கு ஒருபோதும் போகாதீர்.

பெற்றோர்களே! உங்கள் கைத்தொலைபேசியை வாரம் ஒரு காலை, அரைமணி நேரம் பிள்ளைகளிடம் கொடுத்து, நீங்களும் உடன் செல்லுங்கள். மாணவர்களே! நாள், இடம், செடி, கால்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒவ்வொரு படத்துடனும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னர் அப்படத்தை வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவிடம் காட்டி, "இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேளுங்கள். அவர்கள் கூறும் விடையையும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். அதுவே இப்பாடத்தின் பயிற்சி.