எறும்புக்கு வாசலில் இடம் உண்டு

தினமும் காலையில் அரிசி மாவினால் கோலமிடுவது எங்கள் பாட்டியின் வழக்கம். "எறும்பும் சாப்பிட வேண்டாமா?" என்பார். ஆனால் அதே எறும்பு சமையலறைக்குள் வந்துவிட்டால் பொடி தூவி விடுவார்.

சென்ற ஐப்பசி அடைமழையில் சுவாமிமலையில் எங்கள் கொல்லை முழுவதும் நீர் தேங்கியது. புற்றை இழந்த எறும்புகள் சாரி சாரியாக வீட்டுக்குள் ஏறின. அரிசிப் பானையைச் சுற்றிப் பாட்டி பொடி தூவினார். தவழ்ந்து வந்த சித்தியின் குழந்தை அதைத் தொட்டு விரலை வாயில் வைத்துவிட்டது. மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன பொடி?" என்றுதான். சில்லறையாக வாங்கிய அந்தக் காகிதப் பொட்டலத்தில் பெயரே இல்லை! இறைவன் அருளால் குழந்தை பிழைத்தது. அதன் பின்னரே நான் எறும்பைப் பற்றிப் படிக்கலானேன்.

முற்காலத்தில் எறும்புக்குப் பலரும் தூவிய பி.எச்.சி. என்னும் நஞ்சு, மண்ணிலும் உணவிலும் நெடுநாள் தங்குவது. அது நம் நாட்டில் 1997-இல் தடை செய்யப்பட்டது. பொடி எதுவாயினும் நம் கண்ணில் படும் எறும்புகளையே பெரும்பாலும் கொல்லும். புற்றினுள் இராணி எறும்பு முட்டையிட்டுக்கொண்டேயிருக்கும்.

உணவைக் கண்ட எறும்பு, திரும்பும் வழியெல்லாம் ஒரு மணப்பொருளைத் தரையில் இட்டுச் செல்கிறது. மற்றவை அதை முகர்ந்தே வரிசையாக வருகின்றன. ஆகவே நாம் அழிக்க வேண்டியது அந்த வழியைத்தான்.

1. எறும்பு சென்ற தடத்தைச் சோப்பு நீரால் துடைக்க வேண்டும்.
2. அவை நுழையும் விரிசலைச் சிமெண்டால் அடைக்க வேண்டும்.
3. சர்க்கரை, வெல்லத்தை இறுக மூடி வைக்க வேண்டும். அலமாரிக் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தலாம். கொசு பெருகாதிருக்க, வாரம் இருமுறை நீரை மாற்ற வேண்டும்.

புல்தரையில் உள்ள புற்றுகளை அப்படியே விட்டுவிடலாம். எறும்புகள் மண்ணைப் பொலபொலப்பாக்கி, செத்த பூச்சிகளையும் அப்புறப்படுத்துகின்றன. செம்பருத்திச் செடியில் எறும்பு ஏறினால் இலையின் அடியில் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காகவே அது அங்கே வருகிறது. பூச்சியை நீக்கினால் எறும்பும் போய்விடும்.

எல்லா எறும்பும் இப்படிச் சாதுவானவை அல்ல. 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் பைத்தியக்கார எறும்புகள் பெருகின. அவை பீய்ச்சும் ஃபார்மிக் அமிலத்தால் ஆடு மாடுகளின் கண்கள் பாதிக்கப்படுவதாகக் கிராம மக்கள் முறையிட்டனர். அத்தகைய பெருக்கம் வீட்டுப் பொடியால் தீருவதன்று; பூச்சியியல் அறிஞர்கள் ஆராய்ந்து தீர்க்க வேண்டியது.

தோழியரே! உங்கள் வீட்டிலும் பெயரில்லாப் பொட்டலம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால், அதன் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது பொடி இல்லை. துடைக்கும் துணிதான் இருக்கிறது. பாட்டியின் மாக்கோலம் மட்டும் மாறவில்லை. எறும்புக்கு வாசலில் இடம் உண்டு; அரிசிப் பானையில் இல்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி