கைரேகையும் ஒரு சிரிப்பும்

கோலார் தங்கவயலில் உள்ள எங்கள் கிளைக்கு நவம்பர் மாதம் ஓய்வூதியர்களின் மாதம். உயிர்வாழ் சான்று அளிப்பதற்காகக் காலையிலேயே வரிசை நீண்டுவிடும். மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் எனப் பல பகுதிகளிலிருந்தும் வருவோருள் முன்னாள் சுரங்கத் தொழிலாளர் பலர். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை சென்ற இவ்வூர்ச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அவற்றில் உழைத்தவர்களுக்கு ஓய்வூதியம் சிறு தொகையே ஆயினும், அது வராத மாதம் பெரிய மாதம்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய வரிசையில் முதியவர் ஒருவர் நின்றிருந்தார். கைரேகைக் கருவியில் விரலை வைத்தார், ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், ஏற்கவில்லை. பத்து விரல்களும் பயன்படவில்லை. பாறையோடும் துளையிடும் கருவியோடும் பல ஆண்டுகள் பழகிய விரல்கள் அவை. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கும் பொறுமை குறையத் தொடங்கியது. அப்போது அவர் தம் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரேகையைச் சுரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் தம்பி. இறங்கிப் போய் எடுத்து வரட்டுமா?" என்றார்.

வரிசை முழுவதும் சிரித்தது. பின்னால் நின்ற அம்மையார், "வரும்போது எனக்கும் கொஞ்சம் தங்கம் கொண்டுவாருங்கள்" என்றார். ஒருவர் எழுந்து முதியவருக்கு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். திறன்பேசி வாயிலாக முக அடையாளத்தைப் பதிந்து சான்றை முடித்தோம். அதற்கு ஆன நேரத்தை எவரும் பொருட்படுத்தவில்லை.

இதற்கு மாறான நிகழ்வு ஒன்றையும் ஒளிக்காமல் கூற வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், கணக்கில் சில ரூபாய்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற தொகையை எடுத்த ஒருவரிடம், "மீதியை யாருக்காக வைத்திருக்கிறீர்கள்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அருகிலிருந்தோர் சிரித்தனர், அவர் சிரிக்கவில்லை. பணத்தை எண்ணாமலேயே எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

இரண்டும் சிரிப்புதான். வேறுபாடு எங்கே உள்ளது? தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளல் ஒன்று; இளமை மற்றொன்று. பிறரைத் தாழ்த்திப் பிறப்பது எள்ளல். குழந்தைமை மாறாத உள்ளத்திலிருந்து பிறப்பது இளமை. முதியவர் தம் கையைப் பற்றித் தாமே பேசினார். அது எவரையும் தாழ்த்தவில்லை. நானோ பிறருடைய வறுமையைப் பற்றிப் பேசினேன். அதே கைரேகைச் சொல்லை முதியவரிடம் நான் கூறியிருந்தால், அதுவும் எள்ளலாகவே முடிந்திருக்கும்.

அறிமுகமற்றோருடன் இரண்டொரு சொல் பேசுவது வீண் என்று நாம் எண்ணுகிறோம். ஆய்வுகள் வேறு விதமாகக் கூறுகின்றன. சிகாகோ நகரில் நிகோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் ஆகியோர் பயணிகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தனித்திருப்பதே இனிது என்று பலரும் முன்கூட்டி எண்ணினர். ஆனால் அருகிலிருந்தவருடன் பேசிச் சென்றவர்களே கூடுதல் மகிழ்ச்சியுடன் இறங்கினர். கனடாவில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் ஆகியோர் காப்பிக் கடையொன்றில் செய்த ஆய்வும் இதை ஒத்ததே. பணியாளரிடம் புன்னகைத்து ஓரிரு சொல் பேசியவர்கள், விரைவாக வாங்கிச் சென்றவர்களைவிட மனநிறைவு பெற்றனர். மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலில் வேலைக்குச் சென்று திரும்பும் நம் மக்களுக்கு இது புதிய செய்தியன்று.

வரிசையில் நிற்கும்போது நாம் கடைப்பிடிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, நம்மைப் பற்றியோ, வெயில், காத்திருப்பு போன்ற பொதுவானவற்றைப் பற்றியோ விளையாட்டாகப் பேசலாம். பிறருடைய பணம், உடல், வயது ஆகியவற்றைத் தொடலாகாது. இரண்டாவது, மறுமொழி வராவிடில் அத்துடன் நிறுத்துதல் நன்று. துயரத்தோடு வந்தவராக இருக்கலாம். மூன்றாவது, சிரிப்பு வேலைக்கு மாற்று ஆகாது. முதியவரின் சொல் வரிசையை மகிழ்வித்தது; ஆயினும் சான்று பதிவான பிறகே அவர் முகம் தெளிந்தது.

எனவே ஒரு குறிப்பையும் சேர்த்து முடிக்கிறேன். கைரேகை பதியாவிடில் மனம் தளர வேண்டாம். எண்முறை உயிர்வாழ் சான்றுக்கு முக அடையாள வசதி 2021 நவம்பர் முதல் உள்ளது. அதைக் கேட்டுப் பெறுங்கள். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்கள் நவம்பர் வரை காத்திராமல் ஆண்டின் எந்த மாதத்திலும் சான்று அளிக்கலாம். அது ஓராண்டுக்குச் செல்லும். கூட்டமில்லா நாளில் வாருங்கள். இரண்டு சொல் பேச எங்களுக்கும் நேரம் இருக்கும்.