முதல் முறை ‘ஷரேட்’ பார்க்கப்போகிறவர்களுக்கு

முடிவு தெரியாமல் ‘ஷரேட்’ பார்க்கும் பாக்கியம் யாருக்கும் ஒரே ஒரு முறைதான். எனக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஃபிலிம் சொசைட்டித் திரையிடல் ஒன்றில், படம் பாதி போகும்போதே பக்கத்து நாற்காலிக்காரர் கொலைகாரன் யார் என்று காதில் போட்டுவிட்டார். அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், பிள்ளைகளே.

1. படிக்காமல் உட்காருங்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்: 1963-இல் வந்த படம். இயக்கம் ஸ்டான்லி டோனன். நடிப்பு ஆட்ரி ஹெப்பர்ன், கேரி கிராண்ட். விவாகரத்து செய்யும் முடிவோடு பாரிஸ் திரும்புகிறாள் ரெஜி. வீடு துடைத்துவைத்ததுபோலக் காலி, கணவன் பிணவறையில். அவன் அமுக்கிய இரண்டரை லட்சம் டாலர் எங்கே என்று மூன்று பேர் அவளைச் சுற்றி வளைக்கிறார்கள். மீதியைப் படமே சொல்லட்டும். டிரெய்லர் பக்கம்கூடப் போகாதீர்கள்.

2. நல்ல பிரதியாகத் தேடுங்கள். காப்புரிமை அறிவிப்பை முறைப்படி போடாமல் விட்டதால், அமெரிக்கச் சட்டப்படி இந்தப் படம் வெளியானபோதே பொதுச்சொத்தாகிவிட்டது. யாரும் நகலெடுக்கலாம் என்றான பிறகு, சாயம் வெளுத்த பிரதிகளுக்குப் பஞ்சமில்லை. செப்பனிட்ட பிரதியில்தான் ஹெப்பர்னுக்கு ஜிவான்ஷி வடிவமைத்த உடைகளின் நிறமும், சேன் நதியின் இரவு வெளிச்சமும் கண்ணுக்குக் கிடைக்கும்.

3. ஆரம்பத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஓடும் ரயிலிலிருந்து ஒரு பிணம் விழுகிறது. ஹென்றி மான்சினியின் தாளத்தோடு டைட்டில் ஓடுகிறது. அடுத்து பனிமலை விடுதியில் கதாநாயகியைக் குறிபார்க்கிறது ஒரு துப்பாக்கி, பீய்ச்சியடிப்பதோ தண்ணீர். நம்மோடு ஆடப்போகும் ஆட்டத்தைப் படம் அங்கேயே சொல்லிவிடுகிறது.

4. சாவுச் சடங்கிலும் சிரியுங்கள். கணவனின் சவப்பெட்டி முன் ஒருவன் தும்முகிறான். ஒருவன் பிணத்தின் மூக்கருகே கண்ணாடி பிடிக்கிறான். மூன்றாமவன் ஊசியால் குத்தியே பார்த்துவிடுகிறான். ஆள் நிஜமாகவே செத்தானா என்ற சந்தேகம் அவர்களுக்கு! கொஞ்ச நேரத்தில் இதே மூவரைக் கண்டு நமக்கு உதறலெடுக்கும். சிரிக்கும்போது மனம் காவலை விடுகிறது. அந்த இடைவெளியில்தான் பயம் நுழைகிறது.

5. காதலில் யார் துரத்துகிறார்கள் என்று கவனியுங்கள். கிராண்ட் பிறந்தது 1904, ஹெப்பர்ன் 1929. மகள் வயதுப் பெண்ணைத் துரத்துவதில் கிராண்டுக்குச் சங்கடம். அதனால் பீட்டர் ஸ்டோனின் திரைக்கதையில் துரத்துவது அவள், நழுவுவது அவர். பாதி நகைச்சுவை அதில்தான் பிறக்கிறது. வசனம் பேச்சுவாக்கில் பறக்கும். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். கைபேசியை மட்டும் அடுத்த அறையில் வையுங்கள்.

6. படத்தோடு போட்டி போடாதீர்கள். கல்லூரி விழாக்களில் ‘டம்ப் ஷரேட்ஸ்’ ஆடியிருப்பீர்களே, அந்தச் சொல்தான் தலைப்பு. பாசாங்கு என்றும் அதற்குப் பொருளுண்டு. “நான்தான் கண்டுபிடிப்பேன்” என்று முறுக்கிக்கொண்டு பார்ப்பவர், ரெஜியை விட்டுவிடுவார். அவளுக்குத் தெரிந்தது மட்டும் நமக்குத் தெரிந்தால் போதும். கிராண்ட் நடிக்கும் இந்த மனிதனை நம்பலாமா என்பதுதான் அவளுடைய திகில். அவளுடைய காதலுக்கும் அதே கேள்விதான். இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டதுதான் இந்தப் படத்தின் கெட்டிக்காரத்தனம்.

7. மறுபடி பாருங்கள். முடிவு தெரிந்த பிறகு, பொய் சொன்ன முகங்களை மட்டும் கவனித்துக்கொண்டு போகலாம். முதல் முறையே பாதிப் படத்தை நான் அப்படித்தான் பார்க்க நேர்ந்தது. படம் அப்போதும் என்னைக் கைவிடவில்லை.

8. அடுத்தவருக்கு இந்தப் படத்தைச் சொல்லுங்கள். கூடவே உட்கார்ந்தும் பாருங்கள். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரராக மட்டும் ஆகிவிடாதீர்கள்.