பச்சை மணலும் பசுமை இரும்பும்

முன்னுரை

ஒரு தொழிலின் பெயரும் செயலும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும். இன்று உலகெங்கும் உலோகத் தொழிலார் ‘பசுமை’ என்னும் சொல்லைத் தம் பொருளோடு சேர்த்து வழங்குகின்றனர். பசுமை எஃகு, பசுமை அலுமினியம் என இத்தொடர்கள் நாளும் பெருகுகின்றன. இச்சொல்லின் பொருள் யாது? கொங்கு நாட்டு உலைகளுக்கு அது எவ்வளவு பொருந்தும்? சொல்லை எடைபோடுதல் மொழி பயில்வோர் கடமை ஆதலின், இதனை ஈண்டு ஆராய்வோம்.

கொடுமணல் முதல் கோவை வரை

இரும்பு கொங்கு மண்ணுக்குப் புதிதன்று. நொய்யற்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வுகள், இரும்பு உருக்கிய உலைகளையும் மூசையில் எஃகு காய்ச்சியதற்கான சான்றுகளையும் வெளிக்கொணர்ந்தன. பதிற்றுப்பத்து கொடுமணம் எனக் குறிக்கும் ஊர் இதுவே என்பர் ஆய்வாளர்.

1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்கு உதிரி உறுப்பும், உழவர் கிணற்றுக்குப் பம்பும், பின்னாளில் இல்லந்தோறும் கிரைண்டரும் தேவைப்பட்டன. இவற்றுக்கு உறுப்புகள் வார்த்துத் தந்தவை கணபதி, பீளமேடு, குறிச்சிப் பகுதிகளின் பவுண்டரிகளே.

சொல்லும் பொருளும்

பவுண்டரியில் ‘கிரீன் சேண்ட்’ என்றொரு சொல் நெடுங்காலமாக வழங்குகிறது. களிமண்ணும் நிலக்கரித் தூளும் நீரும் சேர்த்துப் பிசைந்த அச்சு மணலே அது. நிறத்தால் அது கறுப்பு. சுடாமல் ஈரத்தோடு பயன்படுவதால் பச்சை. அரிசியை அவிக்காமல் எடுத்தால் பச்சரிசி என்கிறோமல்லவா? அதே பொருள்தான் இங்கும். ஆகவே கறுத்த மணலைப் பச்சை என்றழைப்பதில் பொய் இல்லை. சொல்வோரும் கேட்போரும் அதன் பொருளை அறிவர். ‘பசுமை இரும்பு’ என்னும் புதுத்தொடருக்கும் அத்தகைய தெளிவு வேண்டும். அத்தெளிவு அளவினால் மட்டுமே கிட்டும்.

இந்திய அரசின் எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் இத்தகைய அளவொன்றை வகுத்தது. ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாகக் கரியமில வாயு வெளிப்பட்டால்தான் அதனைப் பசுமை எஃகு எனலாம், 1.6 டன்னுக்கும் குறைந்தால் ஐந்து நட்சத்திரம். ஐரோப்பிய ஒன்றியமும் இறக்குமதியாகும் இரும்பு, எஃகு, அலுமினியம் ஆகியவற்றின் கரிமக் கணக்கை 2023 அக்டோபர் முதல் கேட்கிறது. 2026 முதல் அதற்கு விலையும் வைத்துள்ளது. விளம்பரம் இனி எண்ணுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

கோவையின் வரவும் கடனும்

இவ்வகையில் கோவைக்கு நல்வரவு ஒன்று உண்டு. நம் பவுண்டரிகள் பழைய இரும்பை நெடுங்காலமாக உருக்கி வருகின்றன. தாதுவிலிருந்து உலோகம் எடுப்பதினும் பழையதை உருக்குவதற்கு ஆற்றல் மிகக் குறைவு. அலுமினியத்தில் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. தள்ளுவண்டியில் தெருத்தெருவாகச் சென்று ஓட்டை வாளியையும் உடைந்த பம்பையும் வாங்குபவரும், கடையில் அமர்ந்து அவற்றைத் தரம் பிரிப்பவரும் இப்பசுமையின் முதற்கொல்லர்கள். ஆயினும் பசுமைப் பட்டியல் எதிலும் அவர் பெயர் இல்லை.

உலையும் மாறி வருகிறது. கல்கரி எரியும் கியூபோலாவின் இடத்தில், மின்சாரத்தால் உருக்கும் இண்டக்ஷன் உலை வந்தது. ஊர்மேல் கவிந்த புகை குறைந்தது. ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடத்திலும் உடுமலையிலும் சுழற்றும் காற்றாலையிலிருந்து வந்தால் நன்று. மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து வந்தால், புகை இடம்பெயர்ந்ததேயன்றி ஒழியவில்லை.

கடனும் உண்டு. பயன்படுத்திக் கழித்த மணலைச் சாலையோரத்தில் கொட்டினால் அது பிறர் நிலத்துக்குச் சுமையாகிறது. மணலின் நுண்தூள் தொழிலாளியின் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீராநோயைத் தருகிறது. மணலை மீட்டெடுக்கவும் தூளை உறிஞ்சவும் கருவிகள் உள்ளன. ஆனால் ஜாப் ஆர்டரை நம்பி வாழும் சிறு பவுண்டரிக்கு அவற்றின் விலை எட்டாக்கனி. குறைந்த விலைக்கு வார்ப்படம் வாங்கிச் செல்லும் பெருநிறுவனம் இச்செலவில் பங்கேற்காமல் பசுமைப் பெயரை மட்டும் கொள்ளுதல் முறையன்று.

தூத்துக்குடி தரும் பாடம்

நம்பிக்கை முறிந்தால் விளைவது என்ன என்பதைத் தூத்துக்குடி காட்டிற்று. தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலர் இரையாயினர். அம்மாதமே ஆலையை மூட அரசு ஆணையிட்டது. அதனை எதிர்த்த முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. மக்கள் மனத்தில் இழந்த பெயரை விளம்பரத்தால் மீட்டல் அரிது.

முடிவுரை

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் இரும்பின் பெயரையே தாங்குகிறது. அதன் 25ஆம் வசனத்தில் நீதிக்குரிய தராசும், வலிமையும் பயனும் உடைய இரும்பும் அடுத்தடுத்துப் பேசப்படுவது சிந்தித்தற்குரியது. தராசு இல்லாத இரும்பு வெறும் வலிமையே.

எனவே தொழிலகங்கள் தாம் உருக்கிய பழைய இரும்பு எவ்வளவு, மீட்ட மணல் எவ்வளவு, தொழிலாளர்க்கு மார்புச் சோதனை எப்போது நடந்தது என்பவற்றைத் தமிழில் எழுதித் தம் வாயிலில் வைக்கட்டும். மாணவர்கள் அதனைப் படித்து வினவக் கற்கட்டும். பசுமை என்னும் சொல் அப்போது தன் பொருளைப் பெறும்.