எரிவாயுக் கணப்பும் அறைக் காற்றோட்டமும்

இமயமலைப் பகுதிகளில் குளிர்காலத்தில் அறையைச் சூடேற்ற எரிவாயுக் கணப்புகளும் பயன்படுகின்றன. புகைபோக்கி இல்லாத கணப்பு, அறைக் காற்றையே உட்கொண்டு, எரிந்த வாயுக்களை அறையிலேயே விடுகிறது. ஒரு கிலோகிராம் எரிவாயு முழுமையாக எரிய 15 கிலோகிராமுக்கு மேற்பட்ட காற்று தேவை. அடைத்த அறையில் பிராணவாயு குறையுங்கால் எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பெருகுகிறது. எரிவாயுக் கசிவை மணத்தால் அறியலாம். நிறமும் மணமுமற்ற இந்நச்சை அவ்வாறு அறிய இயலாது.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில், கதவும் சன்னலும் தாழிட்ட விடுதியறையில் எரிவாயுக் கணப்புடன் உறங்கிய கேரளத்தினர் 8 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள்.

ஆகவே, தரையருகே ஒன்றும் கூரையருகே ஒன்றுமாக வெளிக்காற்றுத் துவாரங்கள் அடைபடாதிருத்தல் வேண்டும். உறங்குமுன் கணப்பை அணைத்துவிடல் இன்றியமையாதது. துவாரங்களின் வழியே சிறிது வெப்பம் வெளியேறும்; அதற்கான கூடுதல் எரிபொருட் செலவைப் பாதுகாப்புச் செலவாகவே கணக்கிடல் தகும்.