உப்பின் உருவமும் அதன் புறப்பரப்பும்

புதுச்சேரியை அடுத்த பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கடல்நீரை முகந்து வெயிலில் வைப்போமாயின், நீர் வற்றியபின் அதனடியில் வெண்ணிறத் துகள்கள் ஒட்டிக் கிடக்கக் காண்போம். அவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், பெரும்பாலானவை ஆறு முகங்களும் நேர்கோணங்களும் உடைய சிறு கனசதுரங்களாய்த் தோன்றும். அங்கே தச்சனும் இல்லை, உளியும் இல்லை. அவ்வாறாயின் இவ்வுருவை அமைத்தது யாது? உப்பு எக்காலும் கனசதுரமாகவே உறைதல் வேண்டுமோ? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுவோம்.

இவ்வாராய்ச்சியில் முதற்கண் நினைக்கத்தக்க அறிஞர் ஒருவர்க்கும் நமது புதுச்சேரிக்கும் தொடர்பு உண்டென்பது பலர் அறியாதது. ரோமே தெ லீல் (1736–1790) என்னும் பிரெஞ்சுக்காரர் பீரங்கிப் படைப் பிரிவொன்றின் செயலராக இந்நாட்டிற்கு வந்தவர். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அவர் சிறைப்பட்டார். பின்னர்த் தம் நாடு திரும்பிக் கனிப்பொருள் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1783-இல் படிகவியலைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஒரு பொருளின் படிகங்கள் சிறிதாயினும் பெரிதாயினும், நீண்டனவாயினும் தட்டையாயினும், ஒத்த முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மாறாது என்பது அவர் நிலைநாட்டிய விதியாகும்.

அவர் கண்ட மற்றொரு செய்தியே நமக்கு இங்கு வேண்டுவது. தூய நீரில் கனசதுரமாய் உறையும் உப்பு, சிறுநீர் கலந்த கரைசலில் எண்முக வடிவாய் உறைந்ததை அவர் குறித்தார். பொருள் அதே உப்பு, உள்ளமைப்பும் அதுவே, புறவடிவம் மட்டும் வேறு. சிறுநீரிலுள்ள யூரியா என்னும் பொருளே இம்மாற்றத்திற்குக் காரணம் எனப் பின்வந்தோர் தெளிந்தனர்.

இதன் காரணத்தை உணர வேண்டின், படிகம் வளரும் முறையை அறிதல் வேண்டும். கரைசலிலுள்ள அயனிகள் படிகத்தின் முகங்களில் ஒட்டிக்கொள்ள, ஏடு மேல் ஏடாகப் படிகம் பருக்கிறது. எல்லா முகங்களும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒரு கனசதுரத்தின் மூலையைச் சிறிது வெட்டிவிட்டு, அதனை உப்புக் கரைசலில் இட்டதாகக் கொள்வோம். வெட்டிய முகத்தில் ஏடுகள் விரைந்து படியுமாயின், வெட்டு நிரம்பி மீண்டும் கூர்மூலையாகிவிடும். ஆகவே விரைந்து வளரும் முகம் மறைந்தொழிகிறது; மெல்ல வளரும் முகமே எஞ்சி நின்று படிகத்திற்கு உருவம் தருகிறது. முதலிற் கேட்போர்க்கு இது வியப்பளிப்பினும் உண்மை இதுவே.

இனி, உப்பின் முகங்களை நோக்குவோம். கனசதுரத்தின் முகத்தில் நேர்மின்னுடைய சோடியமும் எதிர்மின்னுடைய குளோரைடும் சதுரங்கப் பலகையின் கட்டங்கள்போல மாறிமாறி அமைந்துள்ளன. இரு மின்களும் ஒன்றையொன்று ஈடுசெய்தலால் அம்முகம் அமைதியுற்று மெல்ல வளர்கிறது. மூலையை வெட்டினால் தோன்றும் எண்முக வடிவின் முகத்திலோ, சோடியம் மட்டுமே நிற்கும், அல்லது குளோரைடு மட்டுமே நிற்கும். அம்முகம் எதிர்வகை அயனிகளை விரைந்து ஈர்த்து, விரைந்து வளர்ந்து, தூய நீரில் மறைகிறது. யூரியா கலந்தபோது அதன் மூலக்கூறுகள் இம்முகத்திலே பற்றிக்கொண்டு, புதிதாய் வரும் அயனிகளுக்குத் தடையாகின்றன. முன்பு விரைந்த முகம் இப்போது தாமதிக்கிறது, தாமதிக்கவே நிலைபெறுகிறது. கனசதுரத்தின் எட்டு மூலைகளும் எட்டு முகங்களாக விரிந்து எண்முக வடிவம் உண்டாகிறது.

இவ்வுண்மை நூலறிவோடு நிற்பதன்று. பிள்ளைச்சாவடிக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் உழைப்போர் வாரிக் குவிக்கும் உப்பு, நம் அடுக்களைச் சாடியை அடைந்தபின் மழைக்காலத்தில் ஈரத்தை ஏற்றுக் கட்டிதட்டுதல் யாவரும் அறிந்ததே. துகள்களின் இடையில் கரைந்த உப்பு மீண்டும் உறைந்து, ஒரு துகளை மற்றொன்றோடு பிணைத்துவிடுகிறது. இதனைத் தடுக்கத் தூள் உப்பில் பத்து இலட்சம் பங்கிற்குச் சில பங்கே பெர்ரோசயனைடு என்னும் உப்பைச் சேர்ப்பதுண்டு. அது படிகப் பரப்பில் அமர்ந்து வளர்ச்சியை மறிக்கிறது. திண்ணிய பிணைப்பிற்கு மாறாகக் கிளைத்த, எளிதில் நொறுங்கும் உருவங்களே உண்டாகின்றன. சிறிதளவுப் பொருள் பேரளவுப் பொருளின் போக்கை மாற்றுவதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

உலோகங்களுக்கும் இவ்விதி பொருந்தும். 2002-இல் யுகாங் சன், யூனான் சியா என்னும் ஆய்வாளர் இருவர், வெள்ளியின் சில முகங்களை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒரு பலபடிச் சேர்மத்தைக் கலந்து, கண்ணுக்குப் புலனாகா வெள்ளிக் கனசதுரங்களை உருவாக்கினர்.

நம் உடலினுள்ளும் இதுவே நிகழ்கிறது. சிறுநீரகக் கற்களுட் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்களால் ஆனவை. சிறுநீரில் இயல்பாக உள்ள சிட்ரேட்டு கால்சியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதோடு, அப்படிகத்தின் முகங்களிலும் ஒட்டி அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. சிட்ரேட்டு குறைந்தால் கல் வளரும் வாய்ப்பு மிகும். இந்நோயினர் சிலர்க்கு மருத்துவர் சிட்ரேட்டு உப்புகளை மருந்தாகக் கொடுப்பது இதனால் என்க. வெயிலில் உழைத்து வியர்வையால் நீரிழக்கும் கடற்கரை மக்களுக்கு நீர் நிறையப் பருகுதல் இன்றியமையாதது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

மாணவ நண்பர்காள், இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நிறைவுற்ற உப்புக் கரைசலை இரு கிண்ணங்களில் வார்த்து, ஒன்றில் மட்டும் யூரியாவைத் தாராளமாய்க் கரைத்து, இரண்டையும் அசையாத இடத்தில் சில நாள் வைத்திடுக. தூய கரைசலில் கனசதுரங்களும், மற்றதில் மூலை வெட்டுண்டனவோ எண்முகத்தனவோ ஆகிய படிகங்களும் தோன்றும். அவற்றை உருப்பெருக்கியால் நோக்கி வரைந்து ஒப்பிடுக.

படிகத்தின் உள்ளமைப்பு அதன் பொருளால் ஆவது. புறவுருவோ அது வளர்ந்த சூழலாலும் ஆவது. மாறும் உருவத்தினூடே மாறாத கோணத்தைக் கண்டவர் ரோமே தெ லீல். இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றலே படிகவியலின் முதற்பாடம் எனலாம்.