வாகனம் முழுச் சேதமடைந்தால் காப்புறுதித் தொகை பெறுவது எவ்வாறு?

ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளியிடம் இருந்த வாகனம் சைக்கிள் ஒன்றே. இன்று ஜொகூர் மாநிலத்தில் சிகாமட், லாபிஸ், குளுவாங், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில் வீட்டு வாசல்தோறும் மோட்டார் சைக்கிளும், சில வீடுகளில் காரும் நிற்பதைக் காண்கிறோம். விடியுமுன் பால் வெட்டச் செல்வதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கும், பட்டணத்து மருத்துவமனைக்குப் போய் வருவதற்கும் அவ்வாகனமே துணையாக இருக்கிறது. அதன் விலையோ பல ஆண்டுச் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகச் செலுத்தப்படுவது.

ஆகவே, விபத்திலோ வெள்ளத்திலோ அது பெருஞ் சேதமடையும்போது குடும்பமே நிலைகுலைந்து போகிறது. வாகனமும் இல்லை, கடனும் தீரவில்லை என்னும் நிலைக்குச் சிலர் ஆளாகின்றனர். இதற்குக் காரணம் காப்புறுதி இல்லாமை மட்டுமன்று. தம்மிடமுள்ள காப்புறுதி எதைத் தரும், எதைத் தராது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளாமையும் ஆகும்.

மூவகைக் காப்புறுதி

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, காப்புறுதி இல்லாத வாகனத்தைச் சாலையில் ஓட்டுதல் குற்றமாகும். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது, நம் வாகனத்தால் பிறருக்கு நேரும் மரணத்திற்கும் காயத்திற்கும் உரிய பாதுகாப்பையே. வழக்கமாக விற்கப்படும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, பிறருடைய பொருளுக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நம் சொந்த வாகனத்திற்கு அது ஒரு காசும் தராது. மோட்டார் சைக்கிள் வைத்திருப்போரில் பலர் எடுப்பது இவ்வகையே.

இரண்டாவது வகை, மூன்றாம் தரப்புப் பாதுகாப்புடன் தீ, திருட்டு ஆகிய இரண்டிற்கு மட்டும் ஈடு தருவது. மூன்றாவது, முழுமைக் காப்புறுதி. விபத்தில் நம் வாகனத்திற்கு நேரும் சேதத்தையும் ஏற்பது இது ஒன்றே. உங்களுடையது எவ்வகை என்பது பாலிசியின் முதற் பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

முழு இழப்பு என்றால் என்ன?

வாகனம் உருத்தெரியாமல் நசுங்கினால்தான் முழு இழப்பு என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பழுது பார்க்கும் செலவு வாகனத்தின் மதிப்போடு ஒப்பிடும்போது கட்டுப்படியாகாது என்று தெரிந்தாலே, காப்புறுதி நிறுவனம் அதனை முழு இழப்பாக ஏற்கலாம். ‘டோட்டல் லாஸ்’ என்று பட்டறைகளில் சொல்லப்படுவது இதுவே.

கணக்கிற்காக ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு காரின் சந்தை மதிப்பு 18,000 ரிங்கிட். பழுது பார்க்க 14,000 ரிங்கிட் ஆகும் என்று மதிப்பிடப்படுகிறது. சேதமடைந்த காரை அப்படியே விற்றால் 5,000 ரிங்கிட் கிடைக்கும். பழுது பார்த்துக் கொடுத்தால் நிறுவனத்திற்குச் செலவு 14,000 ரிங்கிட். உரிமையாளருக்கு 18,000 ரிங்கிட் கொடுத்துவிட்டுச் சேதமான காரை 5,000 ரிங்கிட்டுக்கு விற்றாலோ, நிறுவனத்தின் நிகரச் செலவு 13,000 ரிங்கிட்டே. ஆதலால் பழுது பார்க்கக்கூடிய கார்கூட முழு இழப்பாகிவிடுகிறது.

சில வேளைகளில் சேதமடைந்த வாகனத்தை உரிமையாளரே வைத்துக்கொள்ள நிறுவனம் இசையும். அப்போது அதன் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவர். மேற்கண்ட கணக்கில் அது 13,000 ரிங்கிட். அந்த வாகனத்தை மீண்டும் சாலையில் ஓட்ட இயலுமா, அதற்கு என்ன பரிசோதனை தேவை என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டறிந்த பின்னரே இதற்கு உடன்பட வேண்டும்.

காப்புத் தொகையைச் சரியாகக் குறித்தல்

சந்தை மதிப்பு முறையில் எடுக்கப்பட்ட பாலிசியில், முழு இழப்பின்போது கிடைப்பது விபத்து நேர்ந்த நாளின் சந்தை மதிப்பு அல்லது பாலிசியில் குறித்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. 18,000 ரிங்கிட் மதிப்புள்ள காருக்கு 25,000 ரிங்கிட் எனக் காப்புறுதி எடுத்தாலும் 18,000 ரிங்கிட்டே கிடைக்கும். கூடுதலாகக் கட்டிய சந்தா வீணாகும்.

சந்தாவைக் குறைப்பதற்காகத் தொகையைத் தாழ்த்திக் குறித்தலும் ஆபத்தானது. சந்தை மதிப்பில் 90 விழுக்காட்டிற்கும் குறைவாகக் காப்புறுதி எடுத்திருந்தால், இழப்பில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க நேரிடும். 20,000 ரிங்கிட் மதிப்புள்ள காருக்கு 15,000 ரிங்கிட் மட்டும் எடுத்தவர், 4,000 ரிங்கிட் பழுதுச் செலவில் 3,000 ரிங்கிட்டையே பெறுவார்.

இக்குழப்பத்தைத் தவிர்க்க, ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ என்னும் முறையைச் சில நிறுவனங்கள் வழங்குகின்றன. அதில் காப்புறுதி எடுக்கும் நாளில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகையே முழு இழப்பின்போது வழங்கப்படும். 2017 ஜூலை 1 முதல் முழுமைக் காப்புறுதியின் சந்தாவை நிறுவனங்கள் தாமே நிர்ணயிக்கின்றன. எனவே இரண்டு மூன்று இடங்களில் விசாரித்த பின் எடுப்பது நன்று.

விபத்து நேர்ந்தவுடன் செய்ய வேண்டியவை

முதலாவது, உயிர். காயமுற்றோரை மருத்துவமனைக்கு அனுப்பிய பின்னரே மற்றவை. இரண்டாவது, போலீஸ் புகார். 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள நிலையத்தில் புகார் செய்தல் சட்டப்படி கடமையாகும். புகாரில் நடந்ததை நடந்தவாறே கூறவேண்டும். உரிமம் இல்லாத மகனோ தம்பியோ ஓட்டியிருக்க, வேறொருவர் ஓட்டியதாகச் சொல்வது கோரிக்கையையும் கெடுக்கும், குற்றமும் ஆகும்.

மூன்றாவது, புகைப்படம். சாலை, இரு வாகனங்களின் பதிவு எண்கள், சேதமடைந்த பகுதிகள் ஆகியவற்றைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது, இழுவை வண்டி. அழையாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்திடாதீர்கள். பாலிசியில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, நிறுவனம் அனுப்பும் வண்டியையும் நிறுவனம் ஏற்கும் பட்டறையையும் பயன்படுத்துங்கள்.

ஐந்தாவது, நிறுவனத்திற்கு அறிவித்தல். வழக்கமான பாலிசி விதியின்படி 7 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். உடல் இயலாது மருத்துவமனையில் இருப்பவர்க்கு 30 நாள்கள் தவணை உண்டு. ஆறாவது, சேத மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை வாகனத்தைப் பிரிக்கவோ, பழுது பார்க்கவோ, விற்கவோ கூடாது. வாகனத்தை அண்மையில் செப்பனிட்டதற்கான ரசீதுகள் இருந்தால் அவற்றை மதிப்பீட்டாளரிடம் காட்டலாம். அவை வாகனம் நல்ல நிலையில் இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

தவணைக் கடன் உள்ள வாகனம்

தவணை முடியும்வரை வாகனத்தின் உரிமை வங்கிக்கோ நிதி நிறுவனத்திற்கோ உரியது. ஆகவே காப்புறுதித் தொகை முதலில் அவர்களுக்கே செல்லும். மேற்கூறிய 18,000 ரிங்கிட்டில், கடன் மீதம் 11,000 ரிங்கிட் எனில் உங்களுக்கு 7,000 ரிங்கிட் கிடைக்கும். கடன் மீதம் 21,000 ரிங்கிட் எனிலோ, கார் இல்லாமலேயே 3,000 ரிங்கிட் நீங்கள் கட்டவேண்டியிருக்கும். முன்பணம் குறைவாகக் கட்டி, ஒன்பது ஆண்டுத் தவணை எடுத்தவர்களுக்கே இந்நிலை பெரும்பாலும் நேர்கிறது.

கோரிக்கை முடியும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தாமதக் கட்டணம் சேர்ந்து கடன் மிகும். கடனை முன்கூட்டியே தீர்ப்பதற்கான கணக்கு அறிக்கையை வங்கியிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். இன்னும் வராத காலத்திற்குரிய வட்டியில் தள்ளுபடி அதில் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

வாகனத்தை நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது, ‘கிராண்ட்’ என்று நாம் கூறும் பதிவுப் பத்திரத்தில் உங்கள் பெயர் நீக்கப்பட்டதா என்பதை உறுதிசெய்யுங்கள். இல்லையேல் அவ்வாகனத்தின் மீது பிற்காலத்தில் வரும் சம்மன் உங்களைத் தேடி வரும்.

வெள்ளத்தில் மூழ்கிய வாகனம்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய பெருவெள்ளத்தைச் சிகாமட், கோத்தா திங்கி மக்கள் மறக்கமாட்டார்கள். 2023 மார்ச்சில் மீண்டும் பெருவெள்ளம் வந்து, மாநிலத்தில் 40,000 பேருக்கு மேல் நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது. பத்து பஹாட் மாவட்டத்தில் யோங் பெங் போன்ற இடங்களில் நீர் வடியவே நாள் பல ஆயின.

இங்கு ஒன்றைத் தெளிவாக அறியவேண்டும். வழக்கமான முழுமைக் காப்புறுதியில் வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆகியவை அடங்கமாட்டா. கூடுதல் சந்தா செலுத்தி, ‘சிறப்பு ஆபத்துகள்’ என்னும் இணைப்பை எடுத்தவருக்கே வெள்ளச் சேதத்திற்கு ஈடு உண்டு. ஆற்றோரத்திலும் பள்ளத்திலும் குடியிருப்போர் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது இதனைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். மூழ்கிய வாகனத்தின் இயந்திரத்தை முடுக்கிப் பார்த்தல் ஆகாது. உள்ளே புகுந்த நீர் இயந்திரத்தை உடைத்துவிடும், சேதமும் மிகும். நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்குப் புகைப்படம் எடுத்து, போலீசில் புகார் செய்து, நிறுவனத்திற்கு அறிவியுங்கள்.

தவறு எதிர்த்தரப்பினருடையது எனில்

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவர் மனந்தளர வேண்டியதில்லை. மோதியவர் மீது தவறு இருந்தால், அவருடைய காப்புறுதி நிறுவனத்திடம் உங்கள் வாகனத்திற்கு ஈடு கோரலாம். போலீஸ் புகார், விசாரணை முடிவு, விபத்து இடத்தின் வரைபடம், சேத மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவை தேவைப்படும். மதிப்பீட்டாளரை நீங்களே அமர்த்தி, அவருடைய கட்டணத்தையும் கோரிக்கையில் சேர்க்கலாம்.

முழுமைக் காப்புறுதி உள்ளவரோ சொந்த நிறுவனத்திடமே கோரலாம். ஆனால் கோரிக்கை செய்யாதோர்க்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் சந்தாக் கழிவு, அதாவது ‘என்.சி.டி.’, அதனால் பறிபோகக்கூடும். இக்கழிவு காருக்கு 55 விழுக்காடு வரையிலும், மோட்டார் சைக்கிளுக்கு 25 விழுக்காடு வரையிலும் உயரக்கூடியது. தவறு உங்களுடையதன்று எனில் அதனை இழக்காமல் கோருவதற்கு வழியுண்டு. ஆதலால் பாரத்தை நிரப்பும் முன்னரே நிறுவனத்திடம் இதனைக் கேளுங்கள்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்திருந்தால், உடற்காயத்திற்குச் சொக்சோ உதவி பெற உரிமையுண்டு. தோட்ட அலுவலகத்தில் தாமதமின்றித் தெரிவியுங்கள். சொக்சோ வாகனத்திற்கு ஈடு தராது. காப்புறுதி நிறுவனத்திடம் செய்யும் வாகனக் கோரிக்கை சொக்சோ உதவியைத் தடுக்காது. இரண்டும் தனித்தனி உரிமைகள்.

தொகையில் உடன்பாடு இல்லையெனில்

நிறுவனம் முதலில் கூறும் தொகையை ஏற்றே தீரவேண்டும் என்பதில்லை. ‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்னும் பத்திரத்தில் கையெழுத்திட்ட பின் மீண்டும் கேட்பது கடினம். ஆகையால் கையெழுத்திடுமுன் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு முழுதும் படித்துக் கேளுங்கள். அதே ஆண்டைச் சேர்ந்த, அதே வகை வாகனங்கள் விற்கப்படும் விலைகளைச் சேகரித்து, தொகை குறைவு என்று எழுத்து மூலம் தெரிவியுங்கள். தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதற்கு விளக்கமும் கேளுங்கள்.

நிறுவனத்தின் இறுதி முடிவு மனநிறைவு தராவிடில், 2025 ஜனவரி 1 முதல் இயங்கிவரும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவையை நாடலாம். இறுதி முடிவு கிடைத்த 6 மாதங்களுக்குள் புகார் செய்ய வேண்டும். பொதுமக்களுக்கு இச்சேவை இலவசம், வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனத்தின் நடத்தையைப் பற்றிய முறையீடுகளைப் பேங்க் நெகாரா மலேசியாவிடமும் தெரிவிக்கலாம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். இன்றே உங்கள் பாலிசியை எடுத்து நான்கு செய்திகளைப் பாருங்கள்: காப்புறுதியின் வகை யாது? குறித்த தொகை சந்தை மதிப்புக்கு ஏற்றதா? வெள்ளம் அதில் சேர்க்கப்பட்டுள்ளதா? அது முடியும் நாள் எது? விபத்து நேரத்தில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணை வீட்டிலுள்ள அனைவரும் அறியுமாறு எழுதி வையுங்கள். பாலிசி, கிராண்டின் நகல், தவணை ரசீதுகள் ஆகியவற்றை ஒரே பையில் இட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் பத்திரப்படுத்துங்கள்.